மஸூதா தானாகக் குடிக்கவில்லை

1974 ஆகஸ்ட் 17ஆம் திகதி சனிக்கிழமை காலை 9.20 மணிக்கு, எவரும் அழைக்காமல் பொலிஸ் நிலையத்துக்கு வந்தவர் தமிழில் சொல்லக் கேட்டு எழுதியது.

பெயர்: முகம்மது ஸஹாப்தீன். வயது: 58. தொழில்: துவக்குத் திருத்துதல். விலாசம்: 14, பள்ளிவாசல் ஒழுங்கை, மாத்தளை.

நான் முப்பத்தொரு வருடமாக அனுமதிப்பத்திரம் பெற்று வேட்டைத் துவக்குகளைத் திருத்தி வருகிறேன். வீட்டு முன்னறைதான் என் பட்டறை. மனைவி காலமாகி ஆறு வருடமாகிறது. இறந்துபோன மஸூதா, வயது 22, எனது ஒரே மகள். அவளைத் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஜவாஹிருக்குச் சென்ற வருடம் நிக்காஹ் செய்து கொடுத்தேன். தலைப்பிள்ளை என்பதால் ஏழாம் மாதத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவளை அனுப்ப மருமகனுக்கு மனமில்லை, அதனால் அவருக்கும் மகளுக்கும் சிறு மனத்தாங்கல். வேறெதுவும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது பொலிஸில் ஒப்படைத்த துவக்குகள் இப்போது சொந்தக்காரர்களுக்குத் திரும்பி வருவதால் எனக்கு வேலை அதிகம். எல்லாம் துருப்பிடித்தவை. மூன்று வருடம் எண்ணெய் காணாத இரும்பு வேறெப்படி இருக்கும். துருவைத் தேய்த்தெடுத்த பின் குழலுக்கு நீலநிறம் ஏற்ற ஒரு சீமை மருந்து பூசுவேன். அது சீமைக்கே திரும்பிப் போன தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் பெட்டியோடு வாங்கியது. அதன் மூடி உடைந்ததால் மருந்தைப் பழுப்புநிறப் பன்னீர்ப் போத்தல் ஒன்றில் ஊற்றி, அலுமாரி மேல்தட்டில் வைத்திருந்தேன். போத்தலில் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. எனக்குத் தெரியும்தானே என்ற திமிர். அந்த மருந்தைத் தொட்டால் இரண்டு நாளைக்குக் கையில் வெள்ளைப்பூண்டு மணம் போகாது. மஸூதா சிறுபிள்ளையாக இருந்தபோது, வாப்பா ரசம் காய்ச்சினீங்களா என்று கேலி செய்வாள்.

14ஆம் திகதி புதன்கிழமை காலை எங்கள் பள்ளிவாசல் பதுர்தீன் லெப்பையிடம் போய், மகளுக்குப் பிரசவம் லேசாக வேண்டுமென்று தண்ணீர் ஓதி வாங்கி வந்தேன். அதற்குக் கொண்டுபோனதும் பழுப்புநிறப் பன்னீர்ப் போத்தல்தான். வீட்டில் வேறு போத்தல் இருக்கவில்லை. அதை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அதன் பிறகு நாவுலயிலிருந்து ஒரு விவசாயி பன்றி விரட்ட வைத்திருக்கும் துவக்கோடு வந்தார். அவருடைய வேலைக்காக மற்றப் போத்தலை இறக்கினேன். வேலை முடிந்து அவர் போன பிறகு பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கையிலிருந்த போத்தலை அதே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவி உளூச் செய்யப் போனேன்.

தொழுதுவிட்டு வந்த பிறகு, இடுப்பு வலிக்கிறது என்று மகள் சொன்னாள். நான் ஜன்னலில் இருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்தது நான். அவள் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு வாயில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தாள். முற்றத்துப் பக்கம் எழும்பிப் போகப் பார்த்தாள். நான் அவளுடைய தோளைப் பிடித்து, “துப்பாத புள்ள, ஓதின தண்ணி. மூணு மொடக்கும் குடி” என்றேன். ஓதிய தண்ணீரைத் துப்புவதோ காலில் மிதிபட ஊற்றுவதோ எங்களுக்குப் பெரிய பாவம். அவள் என் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வர மூன்று மிடறும் குடித்தாள்.

பத்து நிமிடம் போகுமுன் வாந்தி எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சி வாந்தி என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் தன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்த்து, “என்ட வாயில ஒங்கட கை மணம் வருது வாப்பா” என்றாள். நான் ஓடிப்போய் ஜன்னலில் மிஞ்சியிருந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் ஓதின தண்ணீர் அப்படியே இருந்தது.

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்துப் போத்தலையும் அது வந்த துரையின் பழைய பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்றேன். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டு, “வாப்பா இல்லாத நேரம் நானா எடுத்துக் குடிச்சேன்” என்றாள். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், மறுக்கவில்லை. மறியற்சாலைக்குப் போவேன், முப்பத்தொரு வருடத் தொழில் போகும் என்று பயந்தேன். மரணத் தறுவாயிலும் அவள் எனக்காகப் பொய் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். மாலை ஆறரை மணிக்கு மௌத்தானாள்.

அதன் பிறகு டாக்டர் பெட்டியில் அச்சடித்திருந்ததை வாசித்து எனக்கு விளக்கினார். அந்த மருந்தில் செலினியம் என்ற பொருள் இருக்கிறதாம். அது மண்ணிலிருந்து அரிசியிலும் மீனிலும் வந்து நாம் தினமும் உண்பதுதானாம். உடம்புக்கு அது வேண்டும் என்றுகூட இப்போது எழுதுகிறார்களாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. மகள் குடித்தது பல வருடத்துக்கு உரியது, அதற்கு மாற்று மருந்து இல்லை என்றார். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் அது போயிருக்குமா என்று கேட்டேன். அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

மறுநாள் ஜனாஸாவின்போது, தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவளுக்குத் தொழுவிக்கலாமா என்று சிலர் பதுர்தீன் லெப்பையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை, மனைவியைச் சாகத் தூண்டியதாக மருமகன் ஜவாஹிரை என் கண்ணெதிரே பொலிஸார் விசாரணைக்குக் கூட்டிச் சென்றார்கள். அவர் போகும்போது என் கையைப் பிடித்து, மஸூதா என்மேல் அவ்வளவு கோபமாகவா இருந்தாள் மாமா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவரை விட்டுவிட வேண்டும். என் மகள் தானாகக் குடித்தாள் என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும்.

இதை எழுதிய சார்ஜன்ட் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ‘கவனக்குறைவால் கொடுக்க நேர்ந்தது’ என்று அவர் இரக்கப்பட்டு எழுதியிருந்த ஒரு வரியை வெட்டி, ‘அவள் துப்பப் போனாள், நான் விழுங்கச் சொன்னேன்’ என்று எழுதும்படி கேட்டேன். எழுதினார். எவருடைய பயமுறுத்தலும் இல்லாமல் நான் சொன்ன இவை யாவும் உண்மை.

(ஒப்பம்) மு. ஸஹாப்தீன்