ஆடு நக்கிய உப்பு

— அறுத்தப்ப ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொன்ன? திரும்பச் சொல்லு ராக்காயி.

— காப்பித்தண்ணி கணக்கா இருந்துச்சும்மா. செவப்பே இல்ல. எம்புட்டோ ஆட்டு ரத்தம் பாத்திருக்கேன், இப்படிப் பாத்ததில்ல.

— செத்த ஆட்ட எதுக்கு அறுத்த?

— சாகல. வாயால மூச்சு வாங்குச்சு. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்குது, ஈறெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி கறுத்துக் கெடக்கு. பாத்துக்கிட்டு நிக்க முடியல. அதான் அறுத்துவிட்டேன்.

— எந்த ஆடு?

— எட்டயபுரம் சந்தையில அரை நாளு நின்னு வாங்குனீகளே, மொகத்துல வெள்ளக்கோடு விழுந்த பால்கன்னி. செனையா இருந்துச்சு.

— அடப்பாவமே. அதோட மூணா?

— நாலு. நேத்து ரெண்டு, இன்னைக்கு ரெண்டு. மிச்சம் நாலையும் வேப்பமரத்துல கட்டிப் போட்டிருக்கேன், பின்பக்கம் போகாம.

— துள்ளுமாரியா இருக்கும். இந்த வெயிலுக்கு மழை பேஞ்சா அப்படித்தான் வரும்.

— அதுக்கெல்லாம் பொங்கல் கழிச்சு ஊசி போட்டாச்சு. நீங்கதான கூட நின்னு காதப் புடிச்சீக. செழியன் டாக்டர வரச் சொல்லட்டுமா?

— டாக்டரெல்லாம் வேண்டாம். ஆழமாக் குழி வெட்டிப் புதைச்சிரு. வேற ஆடு வாங்கிக்கலாம். நீ ஏன் இப்படி வேர்த்துப்போய் நிக்கிற? பதறாத.

— பதறலம்மா. கோழியப் பாத்தீகளா?

— பாக்கல. ஏன், அதுக்கு என்ன?

— இந்தா, இந்தக் கருங்கோழியப் புடிங்க. றெக்கையத் தடவிப் பாருங்க.

— மினுங்குது.

— மூணு நாளா மினுங்குது. கன்னங்கரேல்னு இருக்கற கோழி, மேலெல்லாம் வெள்ளி பூசுனாப்ல. தோட்டத்துப் பின்சுவத்து ஓரம் கெளறப் போன கோழிக மட்டுந்தான் இப்படி. முன்பக்கத்துக் கோழிக மேல ஒண்ணும் இல்ல.

— தீவன மாவா இருக்கும்.

— கம்பு மாவு மினுங்குமாம்மா? ஐயையோ, முந்தானையில தொடைக்காதீக. ஒட்டுனா லேசுல போகாது. எனக்கு அது தெரியும்.

— உனக்கு எல்லாந் தெரியும். கோழி கையில கெடந்து துடிக்குது, விடு அதை. பின்பக்க ஷெட்டுல சூர்யா கூண்டுக்குப் பெயிண்டு அடிக்கச் சொல்லியிருக்கான். அந்த வெள்ளியாத்தான் இருக்கும்.

— சூர்யா தம்பியா சொன்னாரு?

— எம்மவன் சொல்லாம வேற யாரு சொல்லுவா? ஷெட்டு அவன் பொறுப்பு. கோழி, ஆடு, முயலு எம்பொறுப்பு. அப்படித்தான பேசி வச்சிருக்கோம்.

— கின்னிக்கோழி பத்தையும் போன வாரம் அவருதான் வித்தாரு.

— ஓயாமக் கத்துச்சுன்னு வித்தான்.

— கின்னிக்கோழி சும்மாக் கத்தாதும்மா. அந்நிய ஆளக் கண்டாத்தான் கத்தும். ரெண்டு வாரமா அந்தப் பின்சுவத்தப் பாத்துப் பாத்துக் கத்துச்சு. காலையில ஏழு மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருக்கா. வேன் வர்ற நேரமும் போற நேரமும்.

— என்ன வேன்?

— கம்பெனி வேன் மாதிரித்தான். பேரு எழுதல. ஓடைப்பக்கத்துக் கேட்டு வழியா வருது. பொம்பளையாளுக மூஞ்சிய மூடிக்கிட்டு எறங்குதுக. மொதல்ல, கூண்டு பின்ன வந்த ஆளுகன்னு நெனச்சேன்.

— அப்புறம் என்னன்னு நெனச்ச?

— மழை பேஞ்சுச்சுல்ல முந்தாநாளு. ஷெட்டு ஓடு ஒழுகுது போல. உள்ள எறங்குன தண்ணி சுவத்தடி ஓட்டை வழியா நம்ம பக்கம் ஓடி வந்து தேங்கிக் கெடந்துச்சு. வெயில் அடிக்கவும் அது வத்தி, தரையில வெள்ளையா உப்புப் பூத்திருந்துச்சு. ஆட்டுக்குத்தான் உப்புன்னா உசுராச்சே. அம்புட்டும் மண்டிப்போட்டு நக்குச்சுக. மொத நக்குனது மொதச் செத்துச்சு.

— தாதுஉப்புக் கட்டி மூடை அங்கனதான் கெடந்துச்சு. அது கரைஞ்சிருக்கும்.

— தாதுஉப்புக் கட்டி செங்கக் கலருல இருக்கும். தெனமும் நாந்தான அத ஆட்டுக்குக் கட்டித் தொங்கவிடுறேன். இது அது இல்ல. ஒரு துளி எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன்.

— பைத்தியமா உனக்கு?

— துப்பிட்டேன். குளுகுளுன்னு நாக்க இழுத்துச்சு. வெடியுப்பும்மா அது. பதினோரு வருசம் பட்டாசுக் கம்பெனியில அள்ளி அள்ளிச் சலிச்ச கை. எனக்குத் தெரியாம போயிருமா?

— மெதுவாப் பேசு.

— இங்கன யாரு இருக்கா, மெதுவாப் பேச? கோழியும் நம்ம ரெண்டு பேருந்தான்.

— வயல்ல தூவுற உரமும் உப்புத்தான், அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும். எதையாவது கண்டு எதையாவது கோத்துச் சொல்லாத ராக்காயி. வெளிய சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா எனக்குத்தான் கேவலம். சுத்துப்பட்டுல ஒவ்வொருத்தரும் லட்சுமிகாந்தம் அம்மா பண்ணை முட்டைன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாக.

— அந்தப் பேருக்காகத்தான் நானும் இங்கன வந்தேன். ஞாபகம் இருக்கா, வேலைக்குக் கேட்டு வந்த அன்னைக்கு என்ன சொன்னேன்னு? சம்பளம் கொறைச்சலா இருந்தாலும் பரவால்ல, வெடிமருந்து வாடை அடிக்காத எடமா இருந்தாப் போதும்னு சொன்னேன்.

— சொன்ன.

— நீங்க சிரிச்சீக. இங்கன கோழி வாடைதான் அடிக்கும், ஒத்துக்கிடுவியான்னீக.

— ஞாபகம் இருக்கு. இப்ப அதுக்கென்ன?

— இன்னைக்கு விடியக்காலம் ஷெட்டுச் சுவத்துக்கிட்ட போனேன். மூக்கு எரியுற மாதிரி மூத்திர வாடை. கோழி எச்சம் நனைஞ்ச வாடைன்னு நெனச்சேன். பொறவுதான் ஒறைச்சுச்சு, அந்தப் பக்கம் கோழியே கெடையாதே.

— அப்ப வேற என்ன வாடை?

— கோழி மேல மினுங்குற அந்த வெள்ளிப் பவுடரும் வெடியுப்பும் கலந்த பட்டாசு மருந்து நனைஞ்சா அந்த வாடை வரும். நனைஞ்சுபோச்சுன்னா அது சும்மா கெடக்காதும்மா. தன்னால உள்ளுக்குள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கும். எந்தங்கச்சி பொன்மணி போனது அப்படித்தான். யாரும் தீக்குச்சி ஒரசல, எதுவும் கீழ விழுகல. நனைஞ்ச மருந்த வீணாக்க வேண்டாம், காயப்போடுன்னு சொன்னான் அந்தக் கம்பெனி போர்மேன். இவ பரத்திவிட்டா. அம்புட்டுத்தான்.

— அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு?

— இந்தக் கையில கெடக்குற தழும்பு, அவள வெளிய இழுத்தப்ப வந்தது. அதுக்குத்தான்.

— தெரியும்.

— சந்து வழியாக் கையக் காட்டிப் பாத்தேன், உள்ளருந்து அனல் வருது. அப்பவே அனல். இப்ப வெயில் வேற ஏறிப்போச்சு. உள்ள பன்னெண்டு பேரு இருக்காக. ஏழு மணிக்கு எறங்கும்போது எண்ணுனேன். ஷெட்டுக்கு வெளிப்பூட்டுப் போட்டிருக்கு. பாக்குறவுக பூட்டிக் கெடக்குற கட்டடம்னு நெனைக்கணும்ல, அதுக்காக.

— நீ அவுககிட்டப் போய் ஏதாவது சொன்னியா?

— கதவத் தட்டுனேன். இந்த ஷெட்டுப் போர்மேன் கோட்டைச்சாமி உள்ளருந்தே வையுறான், போயி கோழியப் பாருன்னு. வாடை வருதே தெரியலையான்னு கேட்டா, பண்ணைன்னா வாடைதான் வரும்ங்கிறான். ஜன்னல வேற பலகை அடிச்சு மூடியிருக்காக. சூர்யா தம்பிக்குப் போன் போடுங்கம்மா.

— மெட்ராசுல இருக்கான். பார்ட்டியப் பாக்கப் போயிருக்கான்.

— போன் அங்கயும் எடுக்கும்ல.

— ரெண்டு தடவ போட்டேன், ஆடு செத்துச்சுன்னு நீ சொன்னதும். எடுக்கல.

— நான் ஆடு செத்துச்சுன்னு மட்டுந்தான சொன்னேன். ஆடு சாகுறதுக்கெல்லாம் நீங்க தம்பிக்குப் போன் போட மாட்டீகளே. முயலு அம்புட்டும் செத்தப்பக்கூட எங்கிட்டதான் அழுதீக.

— ராக்காயி.

— சொல்லுங்க.

— எம்மூஞ்சிய அப்படிப் பாக்காத.

— எனக்கு ஒண்ணும் தெரியாதுடி, வா பாப்போம்னு நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னும் சொல்லல.

— எங்க பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வச்சு ஒன்றரை வருசம் ஆச்சு. உனக்குத் தெரியாததா? வீட்டுக்காரரு படுத்த படுக்கை. வடநாட்டு ஆர்டர்க எங்கள விட்டுட்டு வேற ஆளுகிட்ட போயிட்டு இருந்துச்சு. இந்த ஒரு சீசன் மட்டும்னான் சூர்யா. தோட்டம் சும்மாத்தான கெடக்குன்னான்.

— அப்ப நான் வேலைக்கு வந்தப்பவே…

— கோழிப்பண்ணை போட்டுட்டா எந்த ஆபீசரும் மூக்கப் பொத்திக்கிட்டு வாசலோட திரும்பிருவான்னு அவந்தான் சொன்னான். தீவன லோடுன்னா எந்த வண்டி வந்து போனாலும் யாரும் கேக்க மாட்டாகன்னான்.

— அப்ப இந்தப் பண்ணைய ஆரம்பிச்சதே அதுக்குத்தானா?

— மொதல்ல அதுக்குத்தான். நீயே அடைகாக்க வச்ச மொத ஈட்டுல பதினோரு குஞ்சு பொரிச்சுச்சே, அத மடியில அள்ளிப் போட்டப்ப எனக்கே மறந்துபோச்சு. சத்தியமா. தெனமும் கார்ல ஏறும்போது ஷெட்டு ஞாபகமே வராது. ஆடு, கோழி, இதுக ஞாபகந்தான் வரும்.

— எனக்கு வேற எந்த ஞாபகமும் இல்லாமத்தான் இருந்துச்சு. ஒரு வருசமா, அந்தச் சுவத்துல இருந்து முப்பதடி தள்ளிப் பாயப் போட்டுத் தூங்குறேன்.

— உன்ன ஊருக்கு அனுப்பி வைக்கலாம்னுதான் நெனச்சேன். ஒரு மாசம் போயி இருந்துட்டு வாயேன்.

— ஊர்ப்பேச்ச அப்புறம் பேசுவோம். ஷெட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?

— சூர்யாகிட்ட.

— காலையில பூட்டுனது யாரு, அவரு மெட்ராசுல இருந்தா?

— டிரைவரு பூட்டிட்டு சாவியக் கொண்டாந்து எங்கிட்டக் குடுப்பான். சாயங்காலம் வாங்கிட்டுப் போவான்.

— அந்த இடுப்புல தொங்குற கொத்துலயா?

— இதுலதான். கைய நீட்டாத.

— குடுங்கம்மா.

— ஒரு நிமிசம் யோசிக்க விடு. தொறந்துவிட்டா அதுகெல்லாம் எங்க போயி நிக்கும்? சாயங்காலந்தான் வேன் வரும். சாத்தூர் ரோட்டுல பன்னெண்டு பேரு வெள்ளிக் கையோட நின்னா ஊரே பாக்காதா? இரு, மத்தியானச் சோத்து நேரத்துல நானே தொறந்து ஒவ்வொருத்தரா…

— மத்தியானம் வரைக்கும் அது பொறுக்குமா? அடிச்சுத் தொறக்கவும் முடியாது. கடப்பாரைய வச்சா இரும்புல இரும்பு பட்டுப் பொறி பறக்கும். சாவியாலதான் தொறக்கணும். குடுங்க.

— தொறந்துட்டு என்ன செய்வ?

— வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பேன். தண்ணி குடுப்பேன்.

— அம்புட்டுத்தானா?

— வேற என்ன?

— யாருக்காவது போன் போட்டுருவ. உன்ன எனக்குத் தெரியும். உந்தங்கச்சி சாவுக்கு நீ விடாம சாட்சி சொன்னவ.

— அதுக்கு இப்ப நேரம் இல்லம்மா.

— நேரம் இல்ல, சரிதான். அதனாலதான் ஒரு விசயத்த இப்பவே சொல்லிருதேன், நல்லாக் கேட்டுக்க. உன்ன மிரட்டுறதா நெனைக்காத. தை மாசம் தீவன ரூம்புல வச்சு ஒரு கையெழுத்து வாங்குனேனே, ஞாபகம் இருக்கா?

— கரண்டு கனெக்சனுக்குன்னு சொன்னீக. மோட்டாருக்கு.

— அது கரண்டுக்கு இல்ல. ஷெட்டு வாடகைப் பத்திரம். நாங்க வாடகைக்கு விட்டிருக்கோம். எடுத்தது நீ. உம்பேரு, உன் ஆதார் நம்பரு, உன் கையெழுத்து.

— எம்பேருலயா.

— நாளைக்கு எவனாவது வந்தான்னா ஷெட்டு யாரு கையில இருக்குன்னுதான் மொதல்ல கேப்பான். பத்திரத்த எடுத்துக் காட்டுவான் சூர்யா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வக்கீலு அப்படித்தான் எழுதணும்னுட்டாரு.

— நீங்க வேண்டாம்னு சொன்னீக. பொறவு பேனாவையும் நீங்கதான எடுத்துக் குடுத்தீக.

— ஆமா. நாந்தான் குடுத்தேன். அதுக்கு நீ என்ன வேணாலும் ஏசு, கேட்டுக்கிடுதேன். ஆனா போன் பண்ணி நீயே போயிக் குழியில விழுகாத. எங்க குடும்பத்துக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன். நீ போயிட்டா இந்தக் கோழி ஆடெல்லாம் யாரு பாப்பா?

— சாவியக் குடுங்க.

— போன் பண்ணமாட்டேன்னு சொல்லு. அப்பத்தான் குடுப்பேன்.

— இனிமே யாருக்கும் போன் பண்ணமாட்டேன்.

— சத்தியமா?

— செத்த எந்தங்கச்சி மேல சத்தியம். இனிமே பண்ணமாட்டேன். குடுங்க.

— இந்தா. பித்தளைச் சாவி, சின்னது. பையத் தொற, சத்தம் போடாம. ஆமா, ரோட்டுல என்னமோ மணியடிச்சுக்கிட்டே வர்ற சத்தம் கேக்குதே, ராக்காயி, நம்ம வாசலுக்கா வருது?

— நீங்க வர்றதுக்கு முந்தியே தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேம்மா. யாரு பேசுறதுன்னு கேட்டாக, எம்பேரத்தான் சொன்னேன்.