பேனருக்குப் போகும் முகம்

— மாலுக்கு மேல ஒரு ஸ்கின் கிளினிக் இருக்கே, அங்க போய் உட்கார்ந்ததுமே காப்பி குடுத்தாங்க டாக்டரம்மா. இங்க தண்ணியே நானாத்தான் பிடிச்சுக் குடிச்சேன்.

— அங்கேயே பண்ணிக்கலாமே.

— கோவிச்சுக்காதீங்க. நான் வீடு விக்கிறவ. முதல்ல பார்த்த வீட்டுக்கே அட்வான்ஸ் குடுக்கிறவனைக் கண்டா எனக்கே சிரிப்பு வரும். நாலு இடம் ஏறி இறங்கணும், குழாயைத் திறந்து பார்க்கணும், சுவரைத் தட்டிப் பார்க்கணும். இது என் முகமாச்சே!

— எத்தனை இடம் ஏறி இறங்கினீங்க?

— இது மூணாவது. பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒண்ணு. சுவர் பூரா வைத்தியத்துக்கு முன்னே, பின்னேன்னு போட்டோ. உத்துப் பார்த்தா பின்னே போட்டோவுல எல்லாம் லைட்டுதான் ஜாஸ்தி. எங்க ஆபீஸ்லயும் வீட்டை அப்படித்தான் படம் எடுப்போம். என்கிட்டயேவா!

— மாலுக்கு மேல உங்களை யார் பார்த்தாங்க?

— வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு.

— டாக்டரா?

— கன்சல்டன்ட்டாம். முகத்துல தோலை உரிக்கிற பீலிங், கண்ணுக்குக் கீழ ஊசி, இந்தக் கன்னத்து மச்சத்துக்கு ஒரே ஒரு லேசர். எல்லாம் சேர்த்து பேக்கேஜ். இன்னிக்குச் சாயங்காலமே வாங்கன்னா.

— அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?

— எங்க அக்கவுன்டன்ட் சம்சாரம்தான் சொன்னா. நீங்க படிச்ச டாக்டராம், கை சுத்தமாம். கேளுங்களேன், இப்ப எங்க கம்பெனிக்கு மேனேஜரே நான்தான். அடுத்த மாசம் என் முகம் பேனர்ல வருது. மேம்பாலத்துக்கு எதிர்ல, ரெண்டு மாடி உயரத்துக்கு! அந்த உயரத்துல இந்த மச்சம் லாரி டயர் மாதிரி தெரியுமே.

— சிஸ்டர், லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க. நீங்க தலையைக் கொஞ்சம் சாய்ங்க. எப்ப இருந்து இருக்கு இது?

— பள்ளிக்கூடத்துல இருந்தே. அப்ப மிளகு அளவுதான். அழகு மச்சம்டின்னு எல்லாரும் சொல்லுவாளுங்க. இப்ப ஒரு வருஷமாத்தான் பரவுது.

— ஓரமெல்லாம் முன்னாடி இப்படி இருந்ததா?

— இல்லை, இப்பத்தான் மை கொட்டின மாதிரி கலைஞ்சு போச்சு. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பழுப்பு. துண்டு உரசினா ரத்தம் கசியுது. அதான் மேல பவுடரை அப்பிட்டு அலையறேன்.

— எந்தப் பள்ளிக்கூடம்?

— ஆத்தங்கரைப் பள்ளிக்கூடம். ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். ஏன், தெரியுமா?

— கேள்விப்பட்டிருக்கேன். உள்ள போய் பவுடரைச் சுத்தமா கழுவிட்டு வாங்க. அழுத்தித் தேய்க்காதீங்க.

— இதோ. கேளுங்களேன், கழுவினப்புறம் என்னைப் பார்த்துப் பயந்துடாதீங்க!

— மேடம், உள்ள போயிட்டாங்க. இது அதுதானே? போன வருஷம் லாரி ஓட்டுறவர் ஒருத்தர் வந்தாரே, குதிகால்ல, அதே மாதிரி?

— அப்படித்தான் தெரியுது, சிஸ்டர். வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

— லேசர் வச்சா?

— மேல மறையும். உள்ள அது பாட்டுக்குப் பரவும். மறுபடி தலைகாட்டும்போது கைமீறிப் போயிருக்கும்.

— ஐயோ. இப்பவே வெட்டினா?

— பிழைச்சுக்கலாம். கன்னத்துல ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

— நல்ல வேளை, இங்க வந்தாங்க. நீங்க பக்குவமா சொல்லுங்க, மேடம். அந்த லாரிக்காரர் என்ன முரண்டு பிடிச்சாரு! நீங்க பேசினதும் மறுநாளே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாரே.

— ம்.

— ஏன் மேடம் ஒரு மாதிரி இருக்கீங்க? இவங்க தெரிஞ்சவங்களா?

— ஹாஸ்டல்ல எனக்கு அடுத்த கட்டில்.

— அட! அப்ப இன்னும் சுலபமாப் போச்சு. கூடப் படிச்சவங்க சொன்னா கேக்காமலா போவாங்க?

— குழாயை மூடுற சத்தம் கேக்குது. கதவைத் திறந்து விடுங்க.

— அப்பாடா! மூஞ்சி இப்பத்தான் மூச்சு விடுது. சொல்லுங்க டாக்டரம்மா, உங்க பேக்கேஜ் என்ன?

— அதுக்கு முன்னாடி, என் மாஸ்க்கைக் கழட்டிக்கிறேன். நல்லாப் பாருங்க. யாருன்னு தெரியுதா?

— எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு… எங்ககிட்ட வீடு வாங்க வந்தீங்களா?

— வாசல்ல போர்டு இருக்கு. அதுல என் பேர் இருக்கு. படிச்சிட்டுத்தானே உள்ள வந்தே?

— வந்தேயா? என்னங்க இது, திடீர்னு!

— பேரைப் பார்த்தா உனக்குத் தெரியாதுதான். ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா? கொத்தின அம்மின்னுதானே கூப்பிடுவே.

— அடியே! அம்மியா நீ? கடவுளே! அந்தக் குழியெல்லாம் எங்கடி போச்சு?

— தோல் வைத்தியம் படிச்சு, முதல்ல என் முகத்துலதான் கை பழகினேன்.

— சபாஷ்! கேளுங்களேன் சிஸ்டர், இவ மூஞ்சி அப்ப எப்படி இருக்கும் தெரியுமா…

— சிஸ்டருக்கு நான் சொல்றேன். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள், இவ எனக்கு ஒரு க்ரீம் குடுத்தா. பரு போயிடும், விடிய விடிய வச்சிருடின்னா. அவ்வளவு அக்கறையாச் சொன்னா, நம்பினேன். அது முடி எடுக்கிற க்ரீம். காலையில என் தோல் தலையணையோட ஒட்டிக்கிட்டு வந்தது. நான் பாத்ரூம்ல கத்தறேன், இவ கதவுக்கு வெளிய நின்னு சிரிக்கிறா. அந்த வருஷப் பரீட்சை போச்சு. மறு வருஷம் துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டுப் போய் எழுதினேன்.

— சின்னப் பிள்ளைங்க விளையாட்டுடி அது! இன்னுமா மனசுல வச்சிருக்கே?

— ஒரு நாள்கூட மறந்ததில்லை. என்னைக்காவது நீ என் கையில சிக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். சிக்கிட்டே.

— என்னடி, பயமுறுத்துறே?

— இப்ப வைத்தியத்துக்கு வர்றேன். அந்த மச்சத்துல யாரும் லேசர் வைக்கக் கூடாது. புற்றுநோயா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆழமா வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணிக்கோ. இந்த வாரமே. முகத்துல தழும்பு விழும்.

— ஓஹோ! அப்படி வர்றியா? பேனர்னு சொன்னதும் வயிறு எரிஞ்சிருச்சு உனக்கு. என் மூஞ்சியைக் கிழிச்சு அனுப்பப் பார்க்கறே!

— கிழிக்கப் போறது நான் இல்லை. வேற எந்தத் தோல் டாக்டர்கிட்ட வேணும்னாலும் காட்டு.

— எந்த டாக்டர்கிட்டயும் காட்ட வேண்டியதில்லை. வீட்டை விலை குறைக்கிறவன் இல்லாத விரிசலைக் காட்டுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!

— அம்மா, அம்மா, கொஞ்சம் உட்காருங்க. மேடம் சொல்றது சத்தியம். இவங்க உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடியே எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சும்மா.

— நீ இவகிட்ட சம்பளம் வாங்குறவ, வேற என்னத்தைச் சொல்லுவே? சாயங்காலமே நான் மாலுக்குப் போறேன். ஒரே லேசர், வேலை முடிஞ்சுது. அம்மி, கேட்டுக்கோ, பேனர் வரும். தினம் அந்த மேம்பாலத்து வழியாத்தானே போவே? நல்லா அண்ணாந்து பாரு!

— படி வழுக்கும். பார்த்து இறங்கு.

— மேடம், போயிட்டாங்க! லிஃப்ட்டுக்குக்கூட நிக்கலை. நான் ஓடிப் போய்க் கூப்பிடட்டுமா?

— கூப்பிட்டுப் பாருங்க.

— ஐயோ, அதோ, காரைக் கிளப்பிட்டாங்க. ஜன்னல்ல இருந்து கை தட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கலை.

— நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, சிஸ்டர்?

— இல்லை மேடம். எல்லாம் நிஜம்தான். ஆனா முதல்ல நோயைச் சொல்லிட்டு அப்புறமா மாஸ்க்கைக் கழட்டியிருந்தா, நம்பியிருப்பாங்களே!

— தெரியும். அவ முகம் கழுவிட்டு வர்ற வரைக்கும், எதை முதல்ல சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்.