துடைத்த குரலைத் திரும்ப வைக்கச் சொன்னவருக்கு

நாம்வோன் நகரக் கொரிய நாட்டிசைக் குழுவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முழங்கி, இன்று பணி ஓய்வு பெறும் மேளக்கலைஞர் பாங் கும்ரே அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து படிக்கும் மடல்.

கோல் பிடித்த கைக்குச் சொந்தக்காரரே! கொட்டும் அடியில் குறை வைக்காதவரே! கொட்டாமல் விடும் அடியில் அதைவிடக் கூடுதல் கவனம் வைத்தவரே! பாடுபவர் ஒருவர், மேளம் ஒன்று, வேறு துணையில்லாத நம் பன்சோரிக் கதைப்பாட்டில், அவர் ஐந்து மணி நேரம் நின்று பாட, பாயில் சம்மணமிட்டு அந்த ஐந்து மணி நேரமும் அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காத பெருந்தகையே! வணக்கம்.

மடலைச் சட்டம் போட்டுத் தர வேண்டும், ஆகவே ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அடங்கவில்லை. சட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டோம்.

ஆயிரத்து எண்ணூறு மேடைகள் கண்டவர் நீங்கள். இத்தனை ஆண்டுகளில் எடுத்த மருத்துவ விடுப்பு இரண்டே நாள். அதில் ஒரு நாள் ஆற்றங்கரைக் கடையில் அயிரை மீன் சூப்பும் கையுமாக உங்களைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். புகழ்ந்தால் முறைப்பீர்கள், புகழாவிட்டால் கண்டுகொள்ள மாட்டீர்கள். ஆதலால் அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொண்டு, முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் திரைப்பட இயக்குநர் தாக் இன்சூ அவர்களின் கதைக்கு வருகிறோம். அவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. உங்களிடம் வாங்கவில்லை, கேட்டால் "மேளம் அடிச்சேன், சம்பளம் வாங்கினேன், இதுல என்ன கதை" என்பீர்கள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்சூ நம் வாசலுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. நசுங்கிய கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் காப்பீட்டு வேலையை உதறிவிட்டு, யார் தயவும் இல்லாமல் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பியவர். அதுவரை ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. நம் பாடகி குக் யோங்ஜா ஒரு முழுக்கதையைப் பாட, அதைப் படம் பிடித்துக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் அறைக்குள் அடைந்து கிடந்து ஒலியைச் சுத்தம் செய்தார். இருமலை எடுத்தார், மின்விசிறிச் சத்தத்தை எடுத்தார், அதே கையோடு, பாட்டுக்கு நடுவே, ஆகா என்பதற்கு "ஒல்சூ!" என்றும், அப்படித்தான் என்பதற்கு "குரோச்சி!" என்றும் நீங்கள் கொடுத்த குரல்கள் முந்நூற்றுச் சொச்சத்தையும் ஒன்று விடாமல் துடைத்தெடுத்தார்.

எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் களை அவர் முகத்தில். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாடகிதான் வாய் திறந்தார்.

"என்னங்க இது? ஆளில்லாத வீட்டுல நான் தனியா உட்கார்ந்து புலம்புற மாதிரி இருக்கே!"

"நடுநடுவுல யாரோ கத்திக்கிட்டே இருந்தாங்க மேடம். அதை மட்டும் எடுத்துட்டேன்," என்றார் இன்சூ.

"அந்த யாரோ நான்தான்," என்றீர்கள் நீங்கள்.

நாங்கள் சிரித்த சிரிப்பு சந்தைத் தெரு வரை கேட்டிருக்கும். இன்சூவுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. கருவிகளை எடுத்துக்கொண்டு அப்படியே சியோலுக்குப் பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்ததாகப் பிற்பாடு சொன்னார். நீங்கள் அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மறுநாளிலிருந்து ஒத்திகையில் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்துப் பழகுங்கள் என்றீர்கள். கேமராவுக்கு அனுமதி கிடையாது, வாய்க்கு மட்டும்தான்.

முதல் நாளே, கதையில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில், பலே என்ற பொருளில் "சோத்தா!" என்று போட்டார் ஒரு போடு. பாடகிக்குப் புரையேறிவிட்டது.

"ஏன் சார், பொணம் போறது உங்களுக்கு அவ்வளவு நல்லாயிருக்கா?" என்றீர்கள்.

அடுத்த நாள் இன்னும் உரக்கக் கத்தினார். "பஸ்ஸை நிறுத்துறீங்களா?" என்று கேட்டீர்கள். மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அவர் பொறுமை இழந்து, எப்போதுதான் குரல் கொடுப்பது என்று கேட்டார். உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே சொற்பொழிவு அன்று நிகழ்ந்தது.

"இது பாராட்டு இல்லைங்க. பாடுறவங்க ஒரு வரியைச் சொல்லிட்டு, சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு நொடி பார்ப்பாங்க. சேர்ந்துச்சுன்னு சொல்றதுதான் நம்ம வேலை. சொல்லலேன்னா அடுத்த வரிக்குத் தெம்பு இருக்காது."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டாரே தவிர, புரிந்துகொள்ள இன்னும் நான்கு ஆண்டு ஆயிற்று.

அந்த நான்கு ஆண்டுகளில் தம் முதல் படத்தை எடுத்தார். பக்கத்து ஊரில் அரிசிமாவு இடித்து அவித்த பண்டம் விற்கும் யாங் சகோதரிகளைப் பற்றிய ஆவணப் படம் அது. அக்காள் தோக்னிம், தங்கை சம்னிம். ஒரே கூரைக்குக் கீழ் ஒரே இயந்திரத்தில் மாவு இடிக்கிறவர்கள், தாயார் இறந்ததிலிருந்து எட்டு ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. தாயின் கடைசி நாளில் தங்கைக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்பதை அக்காள் அந்தப் படத்தில்தான் முதல்முறையாகச் சொன்னார். மூன்று ஆண்டு பழகியபின் இன்சூவை நம்பிச் சொன்னார்.

படத்தை மூன்று விழாக்கள் திருப்பி அனுப்பின. அதை அவர் தாங்கிக்கொண்டார். பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை: "அந்த அக்கா பொய் சொல்ற மாதிரி தெரியுதேப்பா." தோக்னிம் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். உண்மை பேசிய ஒரு பெண்ணைத் தம் படம் பொய்க்காரியாக்கிவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை. அந்த வாரமே பழைய காப்பீட்டு அலுவலகம் கூப்பிட்டது. மாதம் முடிவதற்குள் வந்து சேர்ந்தால் பழைய நாற்காலி. அவர் கழுத்துப்பட்டியை எடுத்துத் தேய்த்து மாட்டிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் படத்தோடு உங்களிடம் வந்தது கருத்துக் கேட்க அல்ல, விடைபெற. அறுபதாவது நிமிடத்தில், அக்காள் பேசும் இடத்தில், நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"நிறுத்துங்க. இங்கே யாரு பதில் சொன்னது?"

"யாரும் சொல்லலையே மேடம்."

"அந்தம்மா ஒண்ணு சொல்லிட்டுத் தலையைத் தூக்கி யாரையோ பார்க்கிறாங்க. அப்புறம்தான் அடுத்ததைச் சொல்றாங்க. நடுவுல ஒருத்தர் ஏதோ சொல்லியிருக்கணும். யாரு?"

இன்சூ அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"நான்தான். 'ம், சொல்லுங்கம்மா'ன்னேன். படத்துல என் குரல் வரக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"எத்தனை இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

"உங்களுக்குத் துடைக்கிற வியாதி சார். என் வாயைத் துடைச்சீங்க, போகட்டும், நான் சம்பளக்காரி. அந்தம்மா என்ன பாவம் பண்ணாங்க? பதில் வராத இடத்துல யார் பேசினாலும் பொய் மாதிரிதான் இருக்கும்."

அவர் அழுதார். நீங்கள் பார்லி தேநீர் போட எழுந்து போனீர்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து தம் குரலை ஒவ்வோர் இடத்திலும் திரும்ப வைத்தார்.

அதன்பின் ஐந்து படங்கள் எடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவருடைய "ம்" கேட்கிறது. சியோல் பத்திரிகைகள் அதைப் புதுப் பாணி என்று எழுதுகின்றன. நாங்கள் மறுப்பு எழுதிப் போடவில்லை.

அந்த முதல் படத்தை எந்த விழாவும் எடுக்காததால் நம் ஒத்திகைக் கூடத்திலேயே, அறுபது பேருக்குப் பாய் விரித்துப் போட்டோம். மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அலுவலகத்துக்கு இன்சூ அதுவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. சகோதரிகள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒருவர் முன் இருக்கையில், ஒருவர் கடைசி இருக்கையில். கூடத்திலும் ஆளுக்கொரு சுவரோரம் உட்கார்ந்தார்கள். இன்சூ வாசற்கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

திரையில் தோக்னிம் வந்தார். "சம்னிமுக்குச் சொல்லி அனுப்பாதது நான்தான். கோபத்துல இல்லை. அவ வந்தா அம்மா உடனே உயிரை விட்டுடுவாங்களோன்னு பயத்துல," என்று சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். இன்சூவின் குரல் வர வேண்டிய இடம் அது. வருவதற்கு ஒரு கணம் முன்னால், இருட்டில், இடப்பக்கச் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெரியும்க்கா."

பெருந்தகையே! இடம் தெரிந்தும் நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததை முப்பத்து மூன்று ஆண்டுகளில் அன்று ஒரு நாள்தான் பார்த்தோம். மறுநாள் காலை இன்சூ பழைய அலுவலகத்தைக் கூப்பிட்டு, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

பல் ஆடாமல், மூட்டு நோகாமல், காது மந்தமாகாமல், நூறைத் தாண்டியும் நீங்கள் நல்லபடி நடமாட வேண்டும். விடுப்பு எடுக்க இனி யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை. இன்சூவின் ஏழாவது படம் அடுத்த மாதம் முடிகிறது. முடிந்ததும் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவருவாராம். சகோதரிகளும் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து திரும்பிப் பாருங்கள்: மூன்றாம் வரிசையில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில்.

இங்ஙனம்,
உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து எழுந்த
குழுவினரும் அலுவலகத்தாரும்,
நாம்வோன்.