ஈப்போவுக்கு ஒரு பெட்டி

எழுதிக்கய்யா ஏட்டு, நல்லா எழுதிக்க. பொட்டியத் தொறந்தேதான் வச்சிருக்கேன், எட்டிப் பாத்துக்க. நோட்டீசு கெடையாது, கொடி கெடையாது, மெகாபோன் கெடையாது. இருக்குறதெல்லாம் அஞ்சு வயசுப் பொண்ணுக்கு நாலு கவுனு, மூணு சோடி செருப்பு, ஒரு காய்ச்ச மருந்து. இதுல எதுய்யா பொது அமைதிக்குப் பங்கம்?

வியாழக்கெழம கெமிக்கல் கம்பெனி வாசல் மறியலுக்கு நான் வர்றனான்னுதான கேக்க வந்த? வரல. சந்தோஷமா? அன்னிக்கி நான் மலேசியாவுல இருப்பேன். ஈப்போன்னு ஒரு ஊரு. ஆளு நாட்ட வுட்டே போறான்னு ஒங்க இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு, ஒனக்கு லட்டு வாங்கிக் குடுப்பாரு.

எங்க எந்திரிக்கிற? ஒக்காரு. மலரு காப்பி போடுறா. இருவத்திரண்டு வருசமா வாசல்ல நின்னு பாத்துட்டுப் போன வூடு, இன்னிக்கி ஒருநாளு உள்ளதான் ஒக்காரேன்.

ஆமா, மலரு தம்பி கொழந்ததான். தம்பி பேரு இளவரசு. சிதம்பரத்துலேருந்து வெல்டிங் வேலைக்குப் போனவன், அங்கியே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டான். போன வருசம் ரெண்டு பேரும் பைக்குல போவும்போது லாரிக்காரன் அடிச்சிட்டான். ரெண்டு பேருமே போயிட்டாங்கய்யா. புள்ள அந்நேரம் பள்ளிக்கூடத்துல இருந்துச்சி. கயல்விழின்னு பேரு. பதினோரு மாசமா ஒரு ஹோமுல கெடக்குது. எங்களுக்கே தத்து குடுக்கறேன்னு அந்த ஊரு கோர்ட்டு சொல்லியிருக்கு. திங்கக்கெழம நாங்க ரெண்டு பேரும் போயி நிக்கணும். காயிதமெல்லாம் சரியா இருந்தாப் புள்ள நம்மளுது. இல்லன்னா வரிசையில வேற யாரோ நிக்கிறாங்களாம்.

எனக்குப் பொட்டி கட்டத் தெரியாதா என்னா? இருவத்தஞ்சு வருசமா அந்தக் கதவு மூலையில ஜெயிலு பை தொங்குது. ரெண்டு கைலி, ஒரு துண்டு, சுகர் மாத்திர, வேப்பங்குச்சி. நீ வந்து அண்ணே கெளம்புங்கன்னு சொன்னா மூணே நிமிசம், வேன்ல ஏறிடுவேன். இந்தப் பொட்டிய பத்து நாளா கட்டுறேன், இன்னும் மூட முடியல.

செருப்புக் கதய கேளு. அளவு கேட்டா, ஹோமுல ஒரு காயிதத்துல புள்ள கால வச்சி பென்சில்ல கோடு போட்டு, போட்டோ புடிச்சி போன்ல அனுப்பிட்டாங்க. போட்டோவுல பாத்தா எறும்பு காலாவும் தெரியுது, பெரிசாக்குனா யானக் காலாவும் தெரியுது. நான் சின்னது எடுன்றேன், மலரு பெரிசு எடுன்றா. கடசீல மூணு சைசும் வாங்கியாச்சி. நான் வாழ்க்கையில பண்ண ஒரே சமரசம் அதுதான்.

பொட்டி நம்மளுது இல்ல, லால்பேட்ட ஹிதாயத்துல்லா குடுத்தது. முப்பது வருசம் வெளிநாட்டுலயே கெடந்த மனுசன். நேத்து வந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்துட்டுப் போனாரு. காயிதத்த பெரிய பொட்டியில போடாத, கைப்பையில வச்சிக்க. மாத்திரைய அட்டையோட எடுத்துக்க, டாக்டர் சீட்டு கூடவே இருக்கணும். கசகசா போட்ட மசாலா வேணாம், எந்த நாட்டுல எதுக்கு உள்ள வைப்பான்னு தெரியாது. அப்பறம் என்னப் பாத்து, மச்சான், முக்கியமானது ஒன்னோட வாயி, அத இங்கியே வச்சிட்டுப் போ, எதுக்கு வந்தன்னு அதிகாரி கேட்டா கொழந்தைக்குன்னு மட்டும் சொல்லு, ஏகாதிபத்தியத்துலேருந்து ஆரம்பிக்காதன்னாரு. ஊறுகா பாட்டில சுத்தியிருந்த காயிதத்த வேற பிரிச்சிப் பாத்துட்டாரு. நம்ம கண்டன நோட்டீசு. மலரு பழைய காயிதந்தானன்னு சுத்திருக்கா. நான் எழுதுனதுலியே நல்ல நோட்டீசுய்யா அது! அங்க தமிழ் படிக்கிற ஆபீசரு இருப்பான்னு சொல்லிக் கிழிச்சிப் போட்டுட்டாரு மனுசன்.

சிரிக்கிற. பாஸ்போர்ட்டு வாங்க நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாததா? ரெண்டு கேசு இன்னும் நிக்கிதுன்னு கோர்ட்டு அனுமதிக்கு ஏழு வாய்தா. வெளிநாட்டுக்கு ஓடிர மாட்டீங்களேன்னு நீதிபதி கேக்குறாரு. அய்யா, எனக்கு ஓடத் தெரிஞ்சிருந்தா ஒவ்வொரு வாட்டியும் இவுங்ககிட்ட ஏன் மாட்டப்போறேன்னேன். கோர்ட்டே சிரிச்சிச்சி.

கொழந்த இல்லாததுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல. வூடு முழுக்க எந்நேரமும் எட்டு பேரு ஒக்காந்து தீர்மானம் போட்டுக்கிட்டு இருந்தா புள்ள எங்கேருந்துய்யா பொறக்கும்னு மலரு கேப்பா. ஞாயம்தான்.

அது இருக்கட்டும். தத்துக்காவ வூட்டப் பாத்து ரிப்போர்ட்டு எழுத ஒரு அம்மா வந்தாங்கல்ல, அன்னிக்கி நடந்தது ஒனக்குத் தெரியாது. நீ ரோட்டோரம் நின்ன. கம்பெனி பக்கத்துலேருந்து காத்து. அழுவுன முட்ட நாத்தம் கொடலப் புடுங்குது. அந்தம்மா மூக்க முந்தானையில பொத்திக்கிட்டு, என்னங்க இது, கொழந்த இருக்கப்போற வூடாச்சேன்னாங்க. யோவ், இந்த நாத்தத்த ஒரு அதிகாரி வூட்டுக்குள்ள வந்து மோந்து பாக்கணும்னு இருவத்தஞ்சு வருசமா தொண்ட கிழியக் கத்துனவன் நானு. இதுக்குத்தான எல்லா கேசும். அவுங்களா வந்து, அவுங்களா மோந்து, அவுங்களா கேக்குறாங்க.

பக்கத்து வூட்ல கருவாடு காயிதும்மான்னு சொல்லிட்டேன்.

நம்பிட்டாங்க. கடலூர்ல கருவாடுன்னா யாரு நம்பமாட்டாங்க? மலரு என்ன ஒரு பார்வ பாத்தா பாரு. நான் அப்பறம் ரெண்டு நாளு சங்கத்துப் பக்கமே போவல.

அதான் சிதம்பரத்துல வாடகைக்கி வூடு பாத்துட்டேன். புள்ள வந்து எறங்குறது அங்கதான். இந்தக் காத்துல அத வளக்க மாட்டேன். ஓடிப்போறான் தலைவருன்னு பசங்க பேசுறானுவளாம். பேசட்டும். நான் கம்பெனி கேட்டு மேல ஏறி முட்டி ஒடச்சிக்கிட்டப்ப இவனுவள்ல பாதிப் பேரு பொறக்கவே இல்ல.

காப்பி வந்துடுச்சி, குடி. சக்கர சரியா இருக்கா? நீ ரெண்டு ஸ்பூன் போடுவன்னு எனக்குத் தெரியும். நீ மட்டுந்தான் என்ன வேவு பாத்தியா? எதிர் டீக்கடையில நீ குடிக்கிறத நானும் இருவத்திரண்டு வருசமா பாத்துட்டுதான இருந்தேன்.

இன்னும் ஒரே ஒரு பாரம் இருக்கு ஏட்டு. எனக்கு அம்பத்தெட்டு, மலருக்கு அம்பத்திமூணு. எங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஆயிடுச்சின்னா புள்ளய யாரு பாத்துக்குவாங்கன்னு ஒருத்தரு எழுதிக் குடுக்கணுமாம். ஆளு இந்த மாவட்டத்துலியே இருக்கணும். நெரந்தர வருமானம் இருக்கணும். எந்தக் கேசும் இருக்கக் கூடாது. நம்ம சங்கத்து ஆளுங்களப் பூரா எழுதி வச்சிப் பாத்தேன். திருநாவுக்கரசுக்குப் பதினோரு கேசு. சாமிக்கண்ணு ஜாமீன்ல இருக்கான். கேசு இல்லாதவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு வருமானம் இல்ல. ஹிதாயத்துல்லாவுக்கு எழுவது வயசு. மலரு சொந்தக்காரங்க சிதம்பரத்துல நாலு வூடு இருக்காங்க. அய்யோ பாவம் புள்ளன்னு அப்பிடி அழுதாங்க. கையெழுத்துன்னு சொன்ன ஒடனே அழுவறத நிறுத்திட்டாங்க.

ஒரு வாரமா தூக்கம் இல்ல. அப்ப நெனச்சிப் பாத்தேன். கேசுல நீ என்னப் பத்தி எழுதுன ரிப்போர்ட்டெல்லாம் கோர்ட்டுல நகலு குடுத்தாங்கல்ல, ஒண்ணு வுடாம படிச்சிருக்கேன். எங்க கூட்டத்துக்கு நூத்தம்பது பேரு வந்தா நூத்தம்பதுன்னுதான் எழுதியிருக்க. நாங்கதான் பேப்பருக்கு ஐநூறுன்னு குடுப்போம். அன்னிக்கி தடியடியில மொத அடி எங்காளு அடிச்சான்னு எழுதச் சொல்லி மேல இருந்து சொன்னாங்க, நீ எழுதல. அதுக்கு ஒன்னத் தூக்கி ஆறு மாசம் மங்கலம்பேட்டையில போட்டதும் எனக்குத் தெரியும். ரெண்டு பொட்டப்புள்ளைய வளத்து ஆளாக்கியிருக்க. ரிட்டயர் ஆனாலும் பென்சன் வரும்.

அதான் ஒம்பேர டைப் அடிச்சிட்டேன். பொன்னுரங்கம், தலைமைக் காவலர்.

டம்ளரக் கீழ வச்சிட்டு, பேரு சரியா இருக்கான்னு பாத்துக்க. எனக்குக் கேக்கக் கூச்சமாதான் இருக்கு. போலீசுகிட்ட இதுவர எதுவும் கேட்டு நின்னதில்ல நானு, தண்ணிகூட கேட்டதில்ல. மலருதான் சொன்னா, அவரு மாட்டேன்னு சொன்னாலும் பரவால்ல, கேளு, வெளிய நிக்க வச்சிக் கேக்காத, உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சிக் கேளுன்னு.

இந்தா, இந்த எடத்துல. மேல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. என்னா போடறதுன்னு டைப் அடிக்கிறவன் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியல. காலியா கெடக்கு. எதாச்சும் ஒண்ணு போட்டுட்டு, கீழ கையெழுத்து போடுய்யா. நாலு மணிக்கு எங்களுக்கு வண்டி.