என் ஜீப்புல ஓட்டையா?

மன்னிச்சிடுங்க. மைக்கைப் பிடிச்சதும் "அனைவருக்கும் ஆழ்ந்த அனுதாபங்கள்"னு ஆரம்பிச்சிட்டேன். கல்யாணத் தயாரிப்புக் கூட்டத்துக்கு வந்த பெத்தவங்களுக்குப் போய் அனுதாபம்! என்ன பண்றது... இந்தச் சூசைமாணிக்கம் இதுவரைக்கும் மைக்குல பேசினதெல்லாம் இரங்கல் கூட்டம்தான். ஒன்பதாங் கிளாஸ்ல ரெண்டு தடவை உட்கார்ந்தவனைப் பேசக் கூப்பிட்டது நம்ம பங்குச்சாமியார் தப்பு. சிரிங்க... இப்பவே சிரிச்சுக்கங்க.

எனக்குப் பிரசங்கம் வராது. சின்னதா ஒரு கதை வெச்சிருக்கேன், அதை இறக்கி வெச்சிட்டுப் போயிடுறேன்.

பந்தல், சேர், அண்டா வாடகைக்கு விடுறது என் தொழில். நாலு வருஷம் முன்னாடி, பட்டாளத்துல கழிச்சுப்போட்ட டிரெய்லர் ஒண்ணை ஏலத்துல எடுத்தேன். ரெண்டு சக்கரம், பச்சைப் பெயிண்டு, யானைக்குட்டி மாதிரி. என் ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி அண்டா ஏத்தலாம்னு ஆசை. லாரியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தப்புறம் பார்த்தா... மாட்ட முடியல! டிரெய்லர் மூக்குல உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு வளையம். அது பட்டாள லாரியோட பெரிய கொக்கிக்குன்னு செஞ்சது. என் ஜீப்புக்குப் பின்னாடி இருக்கிறதோ எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு குமிழ். இது அதுல எப்படிங்க நிக்கும்?

வெல்டர் பாக்கியநாதன் வந்து பார்த்தான். "அண்ணே, ரெண்டு வழி இருக்கு. ஜீப்போட பின்சட்டத்துல ஓட்டை போட்டு, இந்த வளையத்துக்கு ஏத்த கொக்கி மாட்டலாம். இல்லையா... வளையத்தை அறுத்துட்டு, உங்க குமிழ்மேல உட்கார்ற மாதிரி ஒரு மூடியை வெல்டிங் வெச்சிடலாம்."

"என் ஜீப்புல ஓட்டையா? டேய், அதைத் துடைக்கிற துணியைக்கூட நான் தனியா துவைக்கிறவன்! வளையத்தை அறு."

அப்போ என் மக அமலி வாசல்ல நின்னா. கல்யாணமாகி எட்டு மாசம். முந்தின நாள்தான் ஒரு பையோட வந்திருந்தா. புகுந்த வீட்டுல நர்ஸ் வேலையை விடுன்னாங்க... விட்டா. சிநேகிதிங்களோட போன் பேசாதேன்னாங்க... பேசல. கடைசியில, சத்தமா சிரிக்கிறான்னு ஒரு குத்தம். அந்தச் சிரிப்பு என்னோடதுங்க. நான் சிரிச்சா மூணாவது தெருவுல நாய் குரைக்கும்.

அவ அந்த வளையத்தைப் பிடிச்சுத் திருப்பினா. சுத்துது! "அப்பா, இது எல்லாப் பக்கமும் திரும்புதே. பள்ளத்துல வண்டி சாஞ்சாலும் முறுக்கிக்காம இருக்கத்தானே இப்படி வெச்சிருக்காங்க? அறுத்து ஒட்டிட்டா எப்படித் திரும்பும்?"

நான் சொன்னேன்: "வந்ததுதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். இருக்கிறதை யாராவது வெட்டுவாங்களா?"

டிரெய்லரைத்தான் சொன்னேன்... டிரெய்லரைத்தானா?

மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டு வந்து, "நான் அங்கேயே போறேன்ப்பா"ன்னா. "நல்லதும்மா"ன்னேன். அதே ஜீப்புல பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டிரெய்லர் எத்தனை நாள் ஓடுச்சு தெரியுமா? பதினோரு நாள். மலையடிவாரத்து மண் ரோட்டுல ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குச்சு. டிரெய்லர் சாஞ்சுது. திரும்பணும்... திரும்ப முடியல. முறுக்கிக்கிட்டு, படார்! வெல்டிங் விட்டு, அண்டாவோட ஓடையில கிடந்துச்சு. யாருக்கும் அடி இல்ல. என் ஜீப்புக்கு ஒரு கீறல்கூட இல்லைங்க... கை தட்டுங்களேன்!

பாக்கியநாதன் வந்து குனிஞ்சு பார்த்தான். "காடு மேடெல்லாம் தாங்கின சாமான்ணே. நம்மகிட்ட வந்துதான் போயிடுச்சு."

அமலியும் தாங்கலைங்க. ஒரு வருஷத்துல அந்த வீட்டை விட்டு வெளியே வந்துட்டா. ஆனா என் வீட்டுக்கு வரல. எதுக்கு வருவா? ஓசூர்ல ஓர் ஆஸ்பத்திரியில வேலை, ஹாஸ்டல்ல ஜாகை. கிறிஸ்மஸுக்கு வருவா, கேக் சாப்பிடுவா, நல்லாத்தான் பேசுவா. சிரிக்கவும் செய்வா... கையால வாயைப் பொத்திக்கிட்டு.

அம்மாமாரே, ஐயாமாரே... வரப்போற மருமககிட்ட எதையெதை அறுக்கலாம்னு மனசுல ஒரு லிஸ்ட் வெச்சிருக்கீங்களா இல்லையா? உங்க பொண்ணே ஒரு பையோட திரும்பி வந்து நின்னா, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு சொல்ல வாய் தயாரா இருக்கா இல்லையா? உங்க ஜீப்புல ஓட்டை போடுங்க. உங்க வீட்டுப் பழக்கத்துல, உங்க கௌரவத்துல... ஒரே ஒரு ஓட்டை. வண்டி ஓடும். அறுத்த வளையம் அறுத்ததுதான், திரும்ப ஒட்டாது.

அன்னைக்கு பஸ் கிளம்புற நேரம், அமலி ஜன்னல் வழியா என்னையே பார்த்தா.

"ஏதாவது சொல்லணுமாப்பா?"

"தண்ணி பாட்டில் எடுத்தியாம்மா?"ன்னு கேட்டேன். தலையாட்டினா. பஸ் போயிடுச்சு.

வாய் வரைக்கும் வந்து நான் சொல்லாம முழுங்கினது மூணே வார்த்தை...

"இறங்கு. வீட்டுக்குப் போலாம்."