ஏரியின் மேல் ஒரு கதவு

தவோங்கா: ...முகம் தெரியலன்னுதான் எழுதியிருக்கு. முகம் திரும்பவே இல்லன்னு எழுதல.

கும்போ: முதுகு தெரிஞ்சா போறான்னு அர்த்தம். வர்றவளுக்கு முகம்தான் தெரியும். இதுல என்ன வாதம்?

தவோங்கா: முதுகு தெரியுறது இந்தக் கரையில படுத்துக் கனவு காண்றவனுக்கு. அந்தக் கரையில நிக்கிறவனுக்கு?

கும்போ: அந்தக் கரையில யாரும் நிக்கல. வெறும் மணல்.

தவோங்கா: மணல்னுதான் இருக்கு. வெறும் மணல்னு நீயா சேர்த்துக்கிற.

நியாலோங்வே: யாரும்மா அவ? நானும் மீன் சுட ஆரம்பிச்சதுலேர்ந்து கேக்குறேன், முதுகு, முகம், மணல்... நம்ம ஊர்ப் பொண்ணா?

கும்போ: புத்தகத்துல வர்றவ அக்கா. மவேனான்னு பேரு.

நியாலோங்வே: அட, புத்தகமா... யாரோ வீட்டை விட்டுப் போயிட்டாளோன்னு ரெண்டு மீனைத் திருப்பாம கேட்டுட்டு இருந்தேன்.

தவோங்கா: கிட்டத்தட்ட அதேதான் அக்கா. லிம்பான்னு ஒரு படகுக்காரன். முதல் புத்தகத்துலயே ஒரு கனவு காண்றான். ஒரு பொண்ணு ஏரி மேல நடந்து போறா. தலையில ஒரு கதவைச் சுமந்துக்கிட்டு.

நியாலோங்வே: தண்ணி மேலயா?

தவோங்கா: தண்ணி மேல. கணுக்கால்கூட நனையல. அக்கரைக்குப் போய் கதவை மணல்ல நிமிர்த்தி வைக்கிறா. சுவர் இல்ல, கூரை இல்ல, கதவு மட்டும் நிக்குது. மூணு தடவை தட்டுறா. அவன் முழிச்சிக்கிறான்.

நியாலோங்வே: அவ்வளவுதானா?

கும்போ: அவ்வளவுதான். அதுக்கு அர்த்தம் தேடித்தான் ஆறு புத்தகம், பதினொரு வருஷம். மவேனா ஆறாவது புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல படகு ஏறிப் போயிட்டா. லிம்பாகிட்ட 'வரேன்'னு சொல்லிட்டுப் போனா. வந்தாளா இல்லையான்னு ஏழாவதுல தெரியும். அது இன்னைக்குக் கப்பல்ல வருது.

நியாலோங்வே: இதுக்கா நர்ஸம்மா லீவு போட்டுட்டு இந்த வெயில்ல துறையில உக்காந்திருக்கு? நீயாவது ஏரி அளக்கிற ஆளு, தண்ணியைப் பார்த்தா சம்பளம்.

கும்போ: அந்தா... புகை தெரியுது பாரு, தீவுப் பக்கம்.

தவோங்கா: புகை இல்ல. ஏரியிலேர்ந்து கூட்டமா எழும்புற ஈ மேகம். கப்பல் புகை சாயும், இது நேரா நிக்குது.

நியாலோங்வே: இந்த ம்வேரா காத்துல கப்பல் இப்ப எங்க வரும். சாவகாசமா சண்டை போடுங்க.

கும்போ: எவ்வளவு உயரம் போகுது பாரேன். ஏரியே எழுந்து நிக்கிற மாதிரி...

தவோங்கா: தூங்கிராத.

கும்போ: தூங்கல. கண்ணு கூசுது.

தவோங்கா: போன வாரம் வரைக்கும் அவ வருவான்னு சொன்ன ஆளு நீ. கதவுன்னா வீடு, வீட்டைத் தலையில வச்சுக்கிட்டுப் போறவ எங்க போனாலும் வீட்டுக்குத்தான் வந்து சேருவான்னு. எத்தனை வருஷம் சொன்ன? நம்ம வாட்ஸாப் குழுவுல முந்நூறு பேர் உன்னைக் கிண்டல் பண்ணினாங்க, அப்பவும் அசரல.

கும்போ: நீ மட்டும் என்ன? வராதவளுக்கு வக்காலத்து வாங்கிட்டே இருந்த. 'சுவர் இல்லாத கதவுல எந்த வீட்டுக்குள்ள வருவா'ன்னு கேட்ட. இன்னைக்கு ஒரேயடியாத் திரும்பி உக்காந்துட்ட.

தவோங்கா: யோசிச்சேன். மனசு மாறக் கூடாதா?

கும்போ: நானும் யோசிச்சேன். ரெண்டாவது புத்தகத்துல அந்தத் தச்சன் ஞாபகம் இருக்கா? கதவு செஞ்சு முடிச்சிட்டு ஒரு கீலைக் கழட்டி ஏரியில வீசுறான். கீல் இல்லாத கதவு திறக்காது. அது அப்பவே போட்டு வச்ச குறி. நாமதான் கவனிக்கல.

தவோங்கா: கீலை வீசினான், சரி. நாலாவதுல மீன் வயித்துலேர்ந்து ஒரு இரும்புத் துண்டு வருதே, அது?

கும்போ: அது கத்தி முனை.

தவோங்கா: 'வளைந்த இரும்பு'ன்னு எழுதியிருக்கு. வளைஞ்ச கத்தி முனை எங்கயாவது பார்த்திருக்கியா?

கும்போ: ...பார்த்ததில்ல.

தவோங்கா: அப்புறம் என்ன. கீலே திரும்பி வந்துருச்சு. அவ வர மாட்டாளா?

நியாலோங்வே: மீனு கீலை முழுங்குமா?

தவோங்கா: இந்த ஏரி மீனு எதையும் முழுங்கும் அக்கா. இவர் வீட்டுக் கதவையே ஏரி முழுங்கிருச்சே.

கும்போ: ஆரம்பிச்சிட்டா.

தவோங்கா: பின்ன? தினம் ரெண்டு வேளை ஏரியை அளக்குறவர். போன மழையில அது ஒரே ஒரு தடவை வீடு வரைக்கும் வந்துச்சு. கதவைக் கழட்டிக்கிட்டுப் போயிருச்சு. இவர் அளவைக் குறிச்சுக்கிட்டு நின்னார்.

கும்போ: அது பெரிய அளவு. நாப்பது வருஷத்துல வராத அளவு. குறிக்காம விட முடியுமா?

நியாலோங்வே: இன்னும் கதவு போடலையா தம்பி?

கும்போ: பாய் தொங்குது. போதும்.

தவோங்கா: யார் வேணாலும் தள்ளிக்கிட்டு வரலாம்.

கும்போ: யாரும் வரலையே. கழுத்தை ஏன் தேய்ச்சுக்கிட்டே இருக்க?

தவோங்கா: தலைகாணி சரியில்ல.

கும்போ: முடியில என்ன, தூள் மாதிரி?

தவோங்கா: மரவள்ளி மாவு.

கும்போ: செவப்பாவா இருக்கும்?

தவோங்கா: பழைய மாவு. நீ கனவுக்கு வா.

நியாலோங்வே: காலையில உன்னப் பார்த்தேனே தவோங்கா. மேட்டுப் பாதையில, வேர்க்க விறுவிறுக்க ஏறி—

தவோங்கா: அக்கா, மீன் கருகுது.

நியாலோங்வே: எங்க கருகுது?

தவோங்கா: அந்த ஓரத்துல. நல்லாப் பாருங்க.

நியாலோங்வே: ...ஆமா. ஆமாம்மா, கருகுது. நான் ஒண்ணும் பேசல.

கும்போ: மேட்டுப் பாதையா? என் வீட்டுப் பக்கம் உனக்கு என்ன வேலை?

தவோங்கா: ஒரு கிழவருக்கு ஊசி. ஊர்ல உன் வீடு மட்டும்தான் இருக்கா?

கும்போ: அதுவா பையில கிணுங்குறது? ஊசிப் பெட்டியா?

தவோங்கா: ஊசிப் பெட்டிதான். கையை எடு.

நியாலோங்வே: ஒண்ணு கேக்கட்டுமா? அவ வந்தா உங்களுக்கு என்ன, வராட்டி என்ன? ரெண்டு பேர் மூஞ்சியும் பரீட்சை எழுதின மாதிரி இருக்கு.

தவோங்கா: சொல்லேன் கும்போ. அக்காதானே.

கும்போ: நீ சொல்லு.

தவோங்கா: கேட்டவங்கதான் சொல்லணும்.

கும்போ: நாலு வருஷத்துக்கு முன்னாடி அக்கா. ஆறாவது புத்தகம் வந்த அன்னைக்கு, இதே துறையில, இவளைக் கேட்டேன். என்னைக் கட்டிக்கிறியான்னு.

நியாலோங்வே: அதுக்கு என்ன சொன்னா?

கும்போ: மவேனா லிம்பாகிட்ட திரும்பி வந்தா நானும் உன்கிட்ட வரேன்னா. வராட்டி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னா.

நியாலோங்வே: இது என்னம்மா அநியாயம்? எவளோ ஒருத்தி காயிதத்துல நடந்து வர்றதுக்கு இந்தப் பையன் காத்திருக்கணுமா?

தவோங்கா: ஒரு வருஷத்துல எழுதி முடிச்சிருவாங்கன்னு நினைச்சேன். சோம்பாவுல உக்காந்துக்கிட்டு இதை எழுதுற அந்தம்மா நாலு வருஷம் இழுக்கும்னு யார் கண்டா?

நியாலோங்வே: வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே.

தவோங்கா: வேணாம்னு சொல்லத் தோணல. சரின்னு சொல்லப் பயம். உங்களுக்குத் தெரியாததா அக்கா, ஜோனிக்குப் பொழைக்கப் போன என் மனுஷன் இதே துறையிலதான் 'வரேன்'னு சொல்லிட்டுக் கப்பல் ஏறினார். அங்கயே ஒரு குடும்பம்னு ரெண்டு வருஷம் கழிச்சு ஆள் மூலமா சேதி வந்துச்சு. அதுக்கப்புறம் 'வரேன்'ங்கிற சொல்லையே நான் நம்புறதில்ல. புத்தகத்துலயாவது ஒருத்தி வரட்டும், பார்த்துட்டு நம்பலாம்னு...

கும்போ: அதனாலதான் சொல்றேன். வராம போனா அது அவ தப்பு இல்ல. அவளுக்கு அங்க வேற வேலை இருக்கலாம். லிம்பா புரிஞ்சுப்பான். கோபப்பட மாட்டான்.

தவோங்கா: லிம்பா புரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கட்டும். யாரு கேட்டா?

கும்போ: ஏன் கத்துற?

தவோங்கா: கத்தல. இன்னைக்குப் பார்த்து நீ அவ வர மாட்டான்னு சொன்னா எனக்கு எரிச்சலா வருது.

நியாலோங்வே: ஏம்மா, அந்தக் கதவுல தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கும்போ: என்ன?

நியாலோங்வே: கதவுன்னா தாழ்ப்பாள் இருக்கும்ல. அவ பக்கமா, அந்தப் பக்கமா?

கும்போ: ...பதினொரு வருஷத்துல இதை யாருமே கேக்கல.

தவோங்கா: ஒரு வரி இருக்கு. 'தாழ்ப்பாளின் குளிர் அவள் உச்சந்தலையில் பட்டது.'

கும்போ: தலையைத் தொட்ட பக்கம். நிமிர்த்தி வச்சா... அவ பக்கம்தான் இருக்கும்.

நியாலோங்வே: அப்ப என்ன குழப்பம்? தாழ்ப்பாள் இருக்கிற பக்கம்தான் வீட்டுக்கு உள்பக்கம். அவ உள்ளதான் நிக்கிறா. வெளியில நிக்கிறது அந்தப் படகுக்காரன்.

கும்போ: உள்ள நிக்கிறவ எதுக்குத் தட்டணும்?

நியாலோங்வே: இப்படி உக்காந்து உக்காந்து அர்த்தம் பார்க்கிறவனைப் பின்ன எப்படி எழுப்புறது?

தவோங்கா: அக்கா...

நியாலோங்வே: நான் படிக்காதவ. வீட்டுல என்ன நடக்குமோ அதைத்தான் சொன்னேன்.

கும்போ: நல்லாத்தான் இருக்கு. ஆனா புத்தகத்துல அப்படி இல்ல—

தவோங்கா: புத்தகத்துல?

கும்போ: ...அப்படி இல்லாம இருந்தா என்ன பண்றதுன்னு சொல்ல வந்தேன்.

தவோங்கா: ம்.

நியாலோங்வே: அந்தா ஊதிருச்சு. இது ஈ இல்ல, கப்பல்தான். கும்போ தம்பி, சிட்டையை எடுத்துக்கிட்டுப் போ, பார்சல் வாங்கு.

தவோங்கா: போகலையா?

கும்போ: இன்னும் கயிறு போடல.

தவோங்கா: போட்டாச்சு. நீதான் வேற எங்கயோ பார்த்துட்டு இருக்க.

கும்போ: தவோங்கா... பார்சல் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நம்ம விதி ஞாபகம் இருக்குல்ல?

தவோங்கா: இருக்கு. ஒரே புத்தகம் வாங்கணும். காலையில நீ ஒரு அத்தியாயம், சாயங்காலம் நான் ஒரு அத்தியாயம். யாரும் முன்னாடி ஓடக் கூடாது. ஓடினவங்க இந்தத் துறையில நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒத்துக்கணும்.

கும்போ: நான் ஓடிட்டேன்.

தவோங்கா: கேக்கல.

கும்போ: நான் முன்னாடியே படிச்சிட்டேன். கேட்டுச்சா அக்கா?

நியாலோங்வே: எனக்குக் கேட்டுச்சு. மூட்டை இறக்குறவங்களுக்கும் கேட்டுச்சு.

கும்போ: மூணு வாரம் ஆச்சு. ஏரிக் கணக்கு குடுக்க முசுசு டவுனுக்குப் போனப்ப ஒரு கடையில இருந்துச்சு. வாங்கி அந்த வாசல்லயே உக்காந்து படிச்சேன். மினிபஸ் எல்லாம் போயிருச்சு. மவேனா வரல, தவோங்கா. அறுநூத்திப் பதினாலாம் பக்கம். லிம்பா கரையிலேயே இருக்கான், அவ வரல.

தவோங்கா: மூணு வாரமா ஏன் சொல்லல?

கும்போ: சொன்னா பதிலும் முடிஞ்சு போயிரும்ல. இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கிட்டேன். அதான் இன்னைக்கு அவ வர மாட்டான்னு நானே பேசினேன். அதைச் சொல்ற கஷ்டம் உனக்கு வரக் கூடாதுன்னு.

தவோங்கா: பதினாலாம் பக்கம் இல்ல. அறுநூத்திப் பன்னெண்டு. பதினாலுல லிம்பா படகைக் கவுத்துப் போட்டுட்டு அதுக்குக் கீழ படுத்துக்கிறான்.

கும்போ: ...நீயா?

தவோங்கா: நானும் படிச்சிட்டேன். கேட்டுச்சா அக்கா? போன மாசமே, மேட்ரனோட பொண்ணு லிலோங்வேலேர்ந்து கொண்டு வந்தா. படிச்சிட்டு ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் அந்தம்மா மேல கோபம் வந்துச்சு, அதுக்கப்புறம் என் மேலயே.

கும்போ: அப்ப இன்னைக்குப் பூரா அவ வருவா, வருவான்னு...

தவோங்கா: நீயா அப்படிச் சொல்ல மாட்டியான்னு பார்த்தேன். பழைய மாதிரி.

கும்போ: அவ வரலையே. உன் பதில் அதுதானே?

தவோங்கா: அவ வரலைன்னா அது சோம்பாக்காரம்மா எழுதினது. நீ வீட்டுக்குப் போய்ப் பாரு. காலையில நீ ஏரி அளக்கப் போன நேரத்துல, தச்சன் பட்டறையிலேர்ந்து மேட்டுப் பாதை பூரா என் தலையில சுமந்து வந்து, உன் பாய்க்கு முன்னாடி ஒரு கதவை நிறுத்தி வச்சிருக்கேன். செவப்பு ம்பாவா மரம், கழுத்து போச்சு. நீ இல்லன்னு தெரிஞ்சும் மூணு தடவை தட்டினேன்... இந்தா, பையைப் பிடி. தாழ்ப்பாள் இதுலதான் இருக்கு. உள்பக்கம் அடிச்சுக் குடு, போலாம்.