மூன்று அங்குலம் உள்ளே

பின்சக்கரம் அகலமாக இருந்தால் கார் அழகாக இருக்கும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது, மேடம். ஒல்லியான பின்சக்கரத்தோடு நிற்கும் பழைய பந்தயக் காரைப் பார்த்தால் எனக்குக் கோழிக்கால் முளைத்த எருதுதான் நினைவுக்கு வரும். டுவைட்டும் அப்படித்தான் நினைத்தான். ஐம்பத்தோரு வருஷ நட்பில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயங்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இது கட்டைவிரல்.

அவனுடையது அறுபத்தொன்பதாம் வருஷத்து டார்ட் கார். அந்த எஞ்சினைக் கட்டிவிட்டால் வாபாஷ் ஆற்றையே எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அத்தனை பலமும் டயர் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அகலமான டயர் போடலாமென்றால் உள்பக்கம் அச்சைத் தாங்கும் வில்லுப்பட்டைகள் இடிக்கும். ஆகவே ஊரில் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்வதென்று முடிவானது. பின்பக்கத்து இரண்டு வில்லுப்பட்டைகளையும் மூன்று அங்குலம் உள்ளே தள்ளி வைப்பது. அதற்குச் சேஸில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், புதிதாக இரண்டு இரும்புப் பெட்டிகளைப் பற்றவைத்து, பட்டைகளின் முன்முனையை அவற்றில் மாட்ட வேண்டும்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சக்கரம் அச்சைத் தள்ளுகிறது. அச்சு வில்லுப்பட்டையைத் தள்ளுகிறது. பட்டை பெட்டியைத் தள்ளுகிறது. பெட்டிதான் காரைத் தள்ளுகிறது. பெட்டியைச் சேஸோடு பிடித்து வைத்திருப்பது வெல்டிங். அதைச் செய்தது நான்.

அச்சு செய்யும் ஆலையில் முப்பத்தாறு வருஷம் வெல்டராக இருந்தவன் நான். இப்போது டுவைட் உங்கள் போலீஸ் நிலையத்தின் இந்த அறையில் இருந்திருந்தால், “முப்பத்தொண்ணு” என்று சொல்லியிருப்பான். அதுதான் அவன் பழக்கம். அவன் வாக்குவாதம் செய்யமாட்டான், குரலை உயர்த்தமாட்டான், எண்ணை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் தினமும் காலை ஆறரைக்கு வெல்மாவின் கடையில் கூடுவோம். எல்லோரும் கதை அளப்போம். ஆனால் அதில் நான் ராஜா என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். வெல்மாவே காபியை ஊற்றிக்கொண்டு, “உக்காரு மெர்ல். இன்னிக்கு அந்த மானுக்கு எத்தன காலு?” என்று கேட்பாள்.

மான் என்பது எழுபத்துநாலாம் வருஷத்துக் கதையில் வருவது. நான் ஆற்றுப்பாலத்தின் மேல் நூற்றுநாற்பது மைல் வேகத்தில் போனேன். வேகமானியின் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வெட்கப்பட்டுப் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் இரண்டு போலீஸ் கார்கள். எதிரே வந்த மான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஆற்றில் குதித்தது. இதை நான் சொல்லி முடித்து, மேசை முழுக்கச் சிரிப்பதற்கு வாயைத் திறக்கும் நேரத்தில், அன்று அந்தக் காரில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த ஒரே ஆளான டுவைட் ரொட்டியைப் பிய்த்தபடி சொல்வான்.

“நூத்திரெண்டு. போலீசு கெடையாது. அது நாயி.”

மேசை சிரிக்கும். ஆனால் என் கதைக்கு இல்லை.

இதற்காக ஒருவனை யாரும் கொல்லமாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது சரி. நானும் கொல்லவில்லை. ஐம்பது வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

போன அக்டோபரில், கணவனை இழந்த ஒரு பெண்மணி புதிதாக எங்கள் மேசைக்கு வந்தாள். அவள் தன் கணவனின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். நானும் செத்துப்போன என் மனைவி ஆர்லீனைப் பற்றிச் சொன்னேன். பதினோரு வாரம் அவள் கட்டிலருகே போட்ட நாற்காலியை விட்டு எழவில்லை என்றேன். நாற்காலியின் பிரம்பு என் முதுகில் பதிந்து, சட்டையைக் கழற்றினால் கூடை போலிருக்கும் என்றேன். அந்தப் பெண்மணி என் கைமேல் தன் கையை வைத்தாள்.

டுவைட் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நாலு நாள், மெர்ல்.”

அன்றைக்கு மேசை சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

ஐந்து நாளாகவும் இருக்கலாம். மீதி நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. டுவைட்டுக்குச் சரியான எண் தெரிந்திருந்ததற்குக் காரணம், அந்த வாரங்களில் ஆர்லீனின் பக்கத்தில் மாறி மாறி உட்கார்ந்திருந்தது அவனும் அவன் மனைவி லொரெய்னும்தான். அவன் என்னைப் புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. எண் தப்பாக இருந்தது, அதனால் சொன்னான். இதை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். அவன் உயிரோடு இருக்கும்வரை என் மனைவி செத்த கதையைக்கூட என்னால் என் விருப்பப்படி சொல்ல முடியாது என்பதும் புரிந்தது.

பிப்ரவரியில் அவன் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தோம். அவன் அளந்தான், நான் பற்றவைத்தேன். அவன் ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுப்பான். வலப்பக்கத்துப் பெட்டியை முதலில் முடித்தேன். அதில் ஒரு தேவாலயத்தையே, பாதிரியாரையும் சேர்த்து, தொங்கவிடலாம். பிறகு லொரெய்ன் சூப் கொண்டுவந்தாள், குடித்தோம். அதன்பின் இடப்பக்கத்துக்குப் போனேன். வெல்டிங் இயந்திரத்தின் கரண்ட் அளவைக் குறைத்தேன்.

அப்படிச் செய்தால் என்ன ஆகுமென்று சொல்கிறேன். உருகிய கம்பி மேலே மட்டும் படியும், இரும்புக்குள் இறங்காது. பார்வைக்கு மீன்செதில் அடுக்கியதுபோல் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். அதைவிட அழகான வெல்டிங்கை இண்டியானா மாநிலம் பார்த்ததில்லை. ஒட்டியது போலிருக்கும், ஒட்டியிருக்காது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காரின் அடியில் கறுப்புப் பூச்சு அடிப்பதற்குமுன், வெல்டிங் செய்யாத ஒருவன் சுத்தியலால் ஒவ்வொரு இடத்தையும் தட்டிக் காதால் கேட்க வேண்டும். பூச்சு அடித்துவிட்டால் கடவுளுக்கும் எதுவும் தெரியாது. இந்த வழக்கத்தை மீறி யாரும் பூச்சு அடித்ததாக எனக்கு நினைவில்லை.

சுத்தியலை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். “தட்டிப் பாத்துக்கடா” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவன் சுத்தியலைப் பெஞ்சுமேல் வைத்துவிட்டான். “வேண்டாம் விடு. நீ வேகத்துல பொய் சொல்லுவ. புடிச்ச மீன்ல சொல்லுவ. ஒன் வயசுலயே சொல்லுவ. வெல்டிங்ல சொன்னதில்ல.”

தூரிகையை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தான்.

அவன் என்னைப் பற்றிச் சொன்ன எதுவும் தப்பாக இருந்ததில்லை. அதுவும் அன்று காலைவரை தப்பில்லை.

பூச்சு காய ஒரு நாள் ஆயிற்று. அதன்பின் மூன்று மாதங்கள் இருந்தன. அந்த மூன்று மாதங்களில் அவன் வீட்டில் ஒரு நாற்பது முறை சாப்பிட்டிருப்பேன். பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்வதற்கு வாய்ப்பில்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மே மாதம் சனிக்கிழமை மத்தியானம், சோளவயல்களுக்கு நடுவில் இருக்கும் கால்மைல் ஓட்டப்பாதையில் அந்த வருஷத்தின் முதல் பந்தயம். பரிசோதகர் காருக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தார். நேர்த்தியான கறுப்பு தெரிந்தது, போகலாம் என்றார். டுவைட் எப்போதும் இடது தடத்தில்தான் ஓடுவான். முதல் இரண்டு ஓட்டங்களை மெதுவாக விட்டான். அகல டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டன, துளிப் புகையில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான். மூன்றாவதை முழுசாக விட்டான். மூன்றாம் கியருக்கு மாற்றிய இடத்தில் பெட்டி பிய்ந்தது.

இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பிய்ந்திருந்தால் அச்சு நேராக முன்னால் நகர்ந்து, டயர்கள் சக்கரக் கூட்டில் மாட்டி, கார் கூச்சல் போட்டுக்கொண்டே தேய்ந்து நின்றிருக்கும். பெரும்பாலும் ஆள் பிழைத்துவிடுவான். ஒரு பக்கம் மட்டும் பிய்ந்தால் அச்சு கோணிக்கொண்டு காரைத் திருப்பிவிடும். கார் இடப்பக்கத்துச் சிமெண்டுச் சுவரை நோக்கித் திரும்பியது. அப்போது வேகம் தொண்ணூற்றொன்று. வேகப்பலகையில் பார்த்தேன். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். எழுபத்துநாலு வயதில் அவ்வளவு தூரம் ஓடினேன். அவனுக்கு நினைவிருந்தது. கார் அவனைச் சுற்றி மடிந்திருந்தது. தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். வெல்மாவின் மேசையில் எண்ணைச் சொல்வதற்குமுன் பார்ப்பானே, அதே பார்வை. நான் காத்திருந்தேன். அதற்குள் பாதையின் பாதுகாப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் அடியில் தொங்கிய பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை யார் பற்றவைத்தது என்று கேட்டான்.

“நான்தான்,” என்றான் டுவைட். “ரெண்டும் நானே பண்ணினது. இவன் வேண்டாம்னு சொன்னான்.”

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது. எல்லோரும் உடனே நம்பினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவமனையில் செத்துப்போனான். ‘ஓட்டுநர் தானே செய்த குறைபாடான வெல்டிங்’ என்று உங்கள் அறிக்கையிலும் எழுதிவிட்டார்கள்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டீர்கள். நான் தெரியாமல் செய்த தவறு என்று நினைத்து என்னைக் காப்பாற்றியிருக்கலாம். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கவும் கூடும். கேட்டுச் சொல்வதற்கு இப்போது ஆளில்லை.

அடக்கத்தன்று லொரெய்ன் என்னைப் பேசச் சொன்னாள். பாலத்துக் கதையைச் சொன்னேன். நூற்றுநாற்பது என்றேன், இரண்டு போலீஸ் கார்கள், மான். யாரும் திருத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. மரியாதையாகத் தலையாட்டினார்கள். மறுவாரம் வெல்மாவின் மேசையில், டுவைட்டுக்கு எல்லாம் தெரியும், வெல்டிங் மட்டும் கைவராது, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். பெட்டிகளைப் பற்றவைத்தது நான் என்றேன். வெல்மா என் தோளைத் தட்டினாள். “அவன் பழியக்கூட நீ தூக்கிச் சொமக்கணுமா மெர்ல்? முட்டைய சாப்புடு, ஆறுது” என்றாள்.

நீங்களும் சற்றுமுன் அதே மாதிரிதான் என் கையைத் தட்டினீர்கள். ஊரெல்லாம் அறிந்த பொய்யன், துக்கத்தில் உளறுகிறான் என்று நினைக்கிறீர்கள். குற்றவுணர்ச்சியால் நான் இங்கே வரவில்லை, மேடம். ஒரு நல்ல மனிதனின் பெயரில் மோசமான வெல்டிங் ஒன்று பதிவாகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய வந்தேன், அவ்வளவுதான்.

கார் இன்னும் லொரெய்னின் கொட்டகையில்தான் கிடக்கிறது. இரண்டு பெட்டிகளையும் அறுத்து, வெட்டுமுகத்தை ஒரு நல்ல வெல்டரிடம் காட்டுங்கள். ஒரே கை, ஒரே கம்பி, ஒரே நாள். கை தவறியிருந்தால் இரண்டிலும் தவறியிருக்கும். வலப்பக்கத்தில் கம்பி முழுக்க உள்ளே இறங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். அவனை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும்தான் நான் கெடுத்தேன்.